விரல்களை வேவு பார்த்த விளம்பரம்

“இந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து அடிக்கிறது யாரும்மா?” என்று ஒருமுறை ஓர் ஆய்வு அதிகாரி ஆவுடையம்மாளிடம் கேட்டார்.

அப்போது அவளுடைய பத்து விரல்களும் விசைப்பலகையின் மேல்தான் இருந்தன. பாதி அடித்த கிரயப் பத்திரம் திரையில் நின்றிருந்தது. அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணாச்சிதான் சார் அடிப்பாவ. நான் தூசி தொடச்சிட்டிருந்தேன்” என்றாள். அதிகாரி தலையை ஆட்டி, ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கேயும் ஒரு பெண் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள்.

சங்கரன்கோவிலில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள மாடியில் வரிசையாக ஆறு ஆவண எழுத்தர் அறைகள். எல்லா அறையிலும் இதே கதைதான். உரிமம் வைத்திருப்பவர் காலையில் திரைக்கு முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும், திரை திறந்துகொள்ளும். அதன்பிறகு அவரே உட்கார்ந்து அடிக்க வேண்டும், வேறு கை படக்கூடாது என்பது புது விதி. விதி வந்தபோது திரவியம் அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்து மூன்று. ‘அ’ எந்த விசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முகத்தை மட்டும் காட்டிவிட்டு எழுந்து, நாலெட்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பத்திரம் சொல்லுவார். ஆவுடை அடிப்பாள். அவர் ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அது திரையில் இருக்கும். சில சமயம் அவர் சொல்வதற்கு முன்பே இருக்கும்.

யார் கேட்டாலும் “அண்ணாச்சிதான்” என்று சொல்வது அவள் நாக்குக்குப் பழகிவிட்டது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே போய்விட்டது.

தொல்லை தை மாதத்தில் தொடங்கியது. கணினிக்குப் புதிய மென்பொருள் போட்டதில் பழைய தட்டச்சு முறை காணாமல் போய்விட்டது. ஆவுடை பதினெட்டு வயதில் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர் தட்டிப் பழகியவள். அவள் விரல்களுக்கு அந்த ஒரு முறைதான் தெரியும். எங்கோ ஒரு தளத்தில் பழைய முறை இலவசமாகக் கிடைத்தது. அது கேட்ட எல்லாவற்றுக்கும் சரி, சரி, சரி என்று அமுக்கி இறக்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நடுவில் சின்னதாக ஒரு பெட்டி குதித்தது.

“திரவியம் ஐயா, விரல் மூட்டுகள் இறுக்கமாக உள்ளனவா?”

ஏதோ தைல விளம்பரம். மூலையில் இருந்த பெருக்கல் குறி கடுகளவு இருந்தது. அதைத் தேடி அமுக்கினாள். ஒன்று போய் இரண்டு வந்தன. வாடிக்கையாளர்கள் தங்கள் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதற்காக வெளிப்பக்கம் திருப்பி வைத்த இரண்டாவது திரை ஒன்று உண்டு. அதிலும் வந்தது. பாகம் பிரிக்க வந்த அண்ணன் தம்பி இருவரும் அதைப் படித்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?” என்றான் மூத்தவன்.

“எனக்கு ஒண்ணுமில்லடே. கம்ப்யூட்டருக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மாசியில் கை நடுங்கினாலும் சிந்தாத கரண்டி வந்தது. பங்குனியில் குளியலறைச் சுவரில் பதிக்கிற கைப்பிடி. சித்திரையில் தலைப்பக்கம் உயர்கிற கட்டில், அப்புறம் சக்கர நாற்காலி. ஒவ்வொன்றும் ‘திரவியம் ஐயா’ என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது. சக்கர நாற்காலி வந்த நாளில் யாரும் சிரிக்கவில்லை. கடன் பத்திரம் எழுத வந்தவர் எழுந்து, “நாளைக்கு வாரேன் அண்ணாச்சி” என்று போனார். மறுநாள் அவரை மூன்றாவது அறையில் பார்த்தார்கள். ஸ்கூட்டருக்குக் காப்பீடு புதுப்பிக்கப் போன இடத்தில், கை நரம்பு நன்றாக இருக்கிறது என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். “எவன்யா சொன்னான் எனக்குக் கை சரியில்லன்னு?” என்று அண்ணாச்சி கத்தினார். எவனுக்கும் தெரியவில்லை. அவர்கள் திரையில் அப்படி வருகிறது, அவ்வளவுதான்.

அன்று மாலை ஆவுடைதான் பெனிட்டாவுக்குப் போன் செய்தாள்.

பெனிட்டா பஸ் ஸ்டாண்டுக்கு மேலே கணினி பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவள். இருபத்தாறு வயது. வாய் ஓயாது. மறுநாள் பதினொரு மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள்.

“எக்கா, இது ஆஸ்பத்திரியா பத்திர ஆபீஸா? கட்டில் வித்தா எனக்கும் ஒண்ணு சொல்லுங்க, எங்கம்மாவுக்கு வேணும்.”

அண்ணாச்சி ஒரு பத்திரத்தோடு பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தார். பெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து மூடினாள். அவள் பேச்சு மெல்லக் குறைந்தது.

“இதுல அடிக்கிறது யாருக்கா?”

“அண்ணாச்சிதான்” என்றது ஆவுடையின் நாக்கு.

“அவிய மட்டுந்தானா? வேற யாரும் தொட மாட்டாவளா?”

“வேற யாரு தொடப்போறா? சட்டமே அப்படித்தானே.”

பெனிட்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அப்பம் பாவம்க்கா அண்ணாச்சி.”

“ஏன்? வைரஸ்தானே? எடுத்துரலாம்லா?”

“வைரஸ எடுத்துரலாம். உங்க பழைய கீபோர்டுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு, எடுத்தா கீபோர்டும் சேந்து போயிரும். வேற ஒண்ணு செஞ்சு கொண்டாரேன், கொஞ்ச நாளாவும். விசயம் அது இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “முன்னெல்லாம் நாம எதத் தேடுதோமோ அத வச்சு விளம்பரம் போடுவான். அதத் தடுக்கச் சட்டம் வந்துச்சுல்லா? இப்பம் தேடுறதப் பாக்கதில்ல. விரலப் பாக்கான்.”

“வெரலையா?”

“ஒரு விசைய எத்தன நொடி அமுக்குதிய, எப்பம் விடுதிய, அடுத்த விசைக்குப் போக எம்புட்டு நேரமாவுது, எல்லாத்தையும் எழுதி வச்சிக்கிடும். நொடியில நூறுல ஒரு பங்கு பிந்துனாலும் அதுக்குத் தெரியும். நடுக்குவாதம் வாரதுக்கு ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தியே விரல் அப்படிப் பிந்துமாம். டாக்டர் கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். தெரிஞ்சதும் பேரப் போட்டு வித்துரும். கட்டில் கம்பெனிக்காரன் வாங்குதான், காப்பீட்டுக்காரன் வாங்குதான்.”

“பொய்யாவும் இருக்கலாம்லா?”

“இருக்கலாம். பத்துல ஒண்ணு பொய்யாப் போவுமாம்.”

பெனிட்டா இன்னும் ஏதோ சொன்னாள். ஆவுடைக்குக் காது அடைத்துக்கொண்டது. தீபாவளிக்குப் பிறகு ஒரே எழுத்து இரண்டு இரண்டாக விழுந்துகொண்டிருந்தது. விசையில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று பலகையைக் கவிழ்த்துத் தட்டினாள், ஊதினாள், பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அழிக்கிற விசையின் மேல் இருந்த அம்புக்குறி தேய்ந்தே போயிருந்தது. அந்தப் பலகையை அண்ணாச்சி இன்றுவரை தொட்டதில்லை.

இப்போதே சொல்லியிருக்கலாம். ‘நான்தான் அடிக்கேன்’ என்று இரண்டே சொல். ஆனால் வெளியாள் காதில் விழுந்தால் அண்ணாச்சியின் உரிமம் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அண்ணாச்சி படியேறி வந்தார். பெனிட்டா எழுந்து நின்று, “தப்பா நெனச்சிக்கிடாதிய அண்ணாச்சி. இது சொல்லுறதுல கொஞ்சம் உண்ம இருக்கும்னு தோணுது. எதுக்கும் ஒரு நல்ல டாக்டரப் பாத்துருங்க” என்றாள். விரலைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வயதான மனுசரைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

அவர் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அது லேசாக ஆடியது. படியேறி வந்தவரின் கை அப்படித்தான் ஆடும். அவர் அப்படி நினைக்கவில்லை.

அதற்குப் பிந்திய நாட்களில் ஆவுடை அவரைப் பார்க்காமலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். சாட்சிக் கையெழுத்து போடுமுன் பழைய தாளில் நாலு தரம் போட்டுப் பார்த்தார். ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தார். அவரும் மனைவியும் திருநெல்வேலியில் நரம்பு மருத்துவரைப் பார்த்தார்கள். நடக்கச் சொன்னார், விரலை மூக்கில் தொடச் சொன்னார், ஒன்றும் இல்லை என்றார். “ஆனா ஆரம்பத்துல எங்களுக்கே தெரியாதுங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்று ஒரு சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அண்ணாச்சியின் கைகள் நிஜமாகவே நடுங்கத் தொடங்கின.

ஆவுடை அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். அங்கே அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. மாதம் பிறந்தால் அரிசி மூட்டை அவள் சம்பளத்தில் வந்து இறங்கும். இருபத்தாறு வருடமாக இந்தப் பத்து விரல்தான் அவளை அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க வைத்தது. குளிக்கும்போது இடது மோதிர விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். அது சொன்னபடி கேட்டது. ஆனால் மற்ற விரல்களைவிட ஒரு கண்ணிமைப்பு பிந்திக் கேட்டது.

பெனிட்டா சொல்லிப் போன பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. வெளியே பெஞ்சில் செவலம்மா என்ற கிழவி உட்கார்ந்திருந்தாள். மகள் பேருக்குக் காடு எழுதிவைக்க வந்தவள். பன்னிரண்டே காலுக்கு டோக்கன்.

அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டு வந்தார். “செவலம்மா பத்திரத்துக்கு முன்ன ஒரு லெட்டர் அடி பிள்ள” என்றார்.

வழக்கம்போல் நடக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். “அனுப்புநர், இரா. திரவியம், ஆவண எழுத்தர். பொருள், உரிமத்தைத் திரும்ப ஒப்படைத்தல். ஐயா. எனது உடல்நிலை காரணமாக, எவருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி, பூரண சம்மதத்துடனும் சுயநினைவுடனும்...”

விரல்கள் நின்றுவிட்டன. பெட்டி ஒன்று குதித்தது. “திரவியம் ஐயா, வீட்டோடு தங்கிக் கவனிக்க ஆள் வேண்டுமா?”

“என்ன பிள்ள, நின்னுட்ட? நடுங்குத கையால அடுத்தவன் சொத்துக்குச் சாட்சி போடக்கூடாது. அது பாவம். அடி.”

“அண்ணாச்சி, இத நீங்களே அடிங்க.”

“எனக்கு எங்கட்டி அடிக்கத் தெரியும்?”

“அதத்தான் சொல்லுதேன்.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“இந்தச் சனியன் நாம என்ன அடிக்கோம்னு பாக்கல அண்ணாச்சி. எப்படி அடிக்கோம்னு பாக்கு. வெரலு பிந்துதா முந்துதான்னு கணக்கெடுக்கு. அந்தப் பிள்ள எங்கிட்டச் சொன்னா. உங்ககிட்ட முழுசாச் சொல்லல. காலைல உங்க மொகத்தப் பாக்கு. அதனால உங்க பேரச் சொல்லுது. அதுக்கப்புறம் நாள் முழுக்க அது பாக்கது என் கைய.”

அவர் மேசையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு பலகை மேல் கிடந்த அவள் கையைப் பார்த்தார்.

முதலில் அவர் தோள்கள் இறங்கின. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. உதட்டோரம் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. ஆவுடை அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளுக்கும் அதுதான் வந்திருக்கும். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“ஒனக்கு எப்பம் தெரியும்?”

“அன்னைக்கே.”

“அன்னைக்கேவா?” குரல் ஏறியது. “பத்தொம்பது நாளாச்சு ஆவுடை. எங்க வீட்டுக்காரி பத்தொம்பது நாளா ஒறங்கல. நான் சோத்தப் பெசையும்போது எங் கையவே பாத்துட்டிருக்கா. ஒரு வார்த்த சொல்லப்படாதா நீ?”

“சொன்னா நான் எங்க போவேன் அண்ணாச்சி?”

கிரயம், தானம், பாகம், விடுதலை என்று எந்தக் காரியத்துக்கும் வாக்கியம் வைத்திருக்கிற மனிதர். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஏ ஐயா, மணி பன்னெண்டு ஆவப்போவுது. எம் மவ பஸ் ஸ்டாண்டுல காத்துக் கெடக்கா.”

“வா ஆத்தா, உள்ள வந்து உக்காரு” என்று கதவைத் திறந்துவிட்டார். பிறகு ஆவுடையின் பக்கம் திரும்பி, “எந்திரி” என்றார்.

அவள் எழுந்தாள். இப்படித்தான் முடியும் என்று பத்தொன்பது நாளாக நினைத்திருந்ததால் பெரிதாக வலிக்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“பைய எதுக்கு எடுக்க? அங்கன வை.” அவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவருக்குத் தாழ்வாக இருந்தது. ஆள்காட்டி விரலை நீட்டிப் பலகையின் மேல் கழுகு போல் வட்டமிட்டார். “‘கி’ எங்கட்டி இருக்கு?”

“அண்ணாச்சி, என்ன செய்திய?”

“நீ சொல்லு. நான் அடிக்கேன். உரிமக்காரன்தான் அடிக்கணும்னு சட்டம் சொல்லுதுல்லா? பத்து வருசங்கழிச்சு இன்னைக்காவது சட்டப்படி நடப்போம்.”

“எனக்குச் சொல்லத் தெரியாது.”

“நான் சொல்லி முடிக்குமுன்ன அடிச்சு முடிச்சியே, அதெல்லாம் எங்கருந்து அடிச்ச? எங்கிட்டக் கேட்டா அடிச்ச?” திரையைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “திங்கக்கெழம திருநெல்வேலி போறோம். அந்த டாக்டரு எனக்கு ஆறு மாசத்துக்குத் தேதி போட்டிருக்காரு. அத மாத்தி ஒனக்கு இப்பமே கேப்போம். எங்க வீட்டுக்காரியும் வருவா. இது சொல்லுறதெல்லாம் நெசந்தானாமா? அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சு?”

“பத்துல ஒண்ணு பொய்யாப் போவுமாம் அண்ணாச்சி.”

“அந்த ஒண்ணா நீ இருந்துட்டுப் போ. இல்லாட்டியும் பாப்போம். ம், சொல்லு.”

ஆவுடை பையை இறக்கிவைத்தாள். அவள் குரலை அந்த அறையில் வாடிக்கையாளர்கள் கேட்டதே இல்லை. முந்தானை நுனியில் கையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தொடங்கினாள். “சொத்து விவரம்... ராமையா வகை புஞ்சைக்கும் கிழக்கு...”

“மெதுவா, மெதுவா. நான் இன்னும் ‘சொத்து’க்கே போய்ச் சேரல.”

கிழவி பொக்கை வாயால் சிரித்தாள். ஆவுடையும் சிரித்துவிட்டாள். கால்கள் தாமாகவே நாலெட்டு நடந்தன. “ஓடைக்கும் மேற்கு” என்றாள், கொஞ்சம் சத்தமாக. அவர் ஒவ்வோர் எழுத்தையும் தேடிப்பிடித்துக் குத்தினார். குத்தி முடித்ததும் நிமிர்ந்து திரையைப் பார்த்து, சரியாக விழுந்திருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்தார்.

பத்து நிமிடம் போனது. திரையில் ஒரு பெட்டி குதித்தது. வெளித்திரையிலும் வந்தது. வண்ண வண்ணமாகப் பூக்கள், நடுவில் ஒரு முயல்குட்டி. “உங்கள் குழந்தை எழுத்துப் பழகுகிறதா?”

“யாரு பிள்ளைக்குய்யா?” என்றாள் செவலம்மா.

அண்ணாச்சி தலையைத் தூக்கவில்லை. ‘ழ’வைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பெனிட்டாவின் குரல் கேட்டது. “எக்கா, புதுக் கீபோர்டு ரெடி! வைரஸுக்கு இன்னைக்குப் பால் ஊத்திர...”

நிலைப்படியில் அப்படியே நின்றாள். ஒற்றை விரலோடு குனிந்து கிடக்கிற அண்ணாச்சியைப் பார்த்தாள். திரையில் துள்ளுகிற முயல்குட்டியைப் பார்த்தாள். நின்றபடி பத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆவுடையையும், முந்தானைக்குள் சுற்றியிருந்த அவள் கைகளையும் பார்த்தாள். அன்று தான் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் என்ன என்பது அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. யாரிடம் போய் டாக்டரைப் பார்க்கச் சொன்னோம் என்பதும் ஏறியது.

ஆவுடை அவள் கண்ணைச் சந்தித்தாள். மறைக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. “பொதுப் பாதைக்கும் தெற்கு” என்று அண்ணாச்சிக்குச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, “கண்மாய்க் கரைக்கும் வடக்கு. இதற்குள்பட்ட புஞ்சை” என்றாள்.

பெனிட்டா பைக்குள்ளிருந்து பென்டிரைவை எடுத்து, சத்தம் வராமல் மேசையின் ஓரத்தில் வைத்தாள். பிறகு செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள்.